ஏ.சி. ஓட்டையில் மூன்று பேர்

காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவின் தலையணையில் மஞ்சளாக மரத்தூள் உதிர்ந்து கிடக்கும். விரலில் எடுத்தால் ரவையாக நெறுநெறுக்கும், முகர்ந்தால் நனைந்து காய்ந்த தீப்பெட்டியின் வாசனை வரும். அப்பா முதல் நாளே "செல் அரிச்சிருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, மயிலாப்பூர்க் கடையில் மருந்து வாங்கி வந்து சுவரோரம் முழுக்கத் தெளித்தார். மறுநாளும் தூள் கொட்டியது. படுத்த வாக்கில் இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்த அம்மாதான் கடைசியில் சிரித்தாள். "செல்லு ராத்திரி பகல் பார்க்காம அரிக்கும். இது விடியக்காலையிலயும் சாயங்காலத்துலயும் மட்டும்தான் வேலை பார்க்குது. உள்ள யாரோ குடிவந்திருக்காங்க," என்றாள்.

தொண்ணூறுகளில் சென்னையில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு "ஏ.சி. ஓட்டை" என்றால் தெரியும். ஏ.சி. வாங்கும் வசதி யாருக்கும் இருக்காது. ஆனாலும் என்றைக்காவது வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில், கட்டும்போதே படுக்கையறைச் சுவரில் ஒரு டிரங்குப் பெட்டி நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை விட்டு, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பிளைவுட் பலகைகளை அடித்து மூடிவிடுவார்கள். மந்தைவெளியில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஓட்டை மேற்குச் சுவரில், அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. உள்பலகையில் நாங்கள் காலண்டர் மாட்டியிருந்தோம். வெளிப்பலகையின் ஒரு மூலை பல மழைக்காலங்களில் ஊறி, உப்பி, அழுகிப்போயிருந்தது. அந்த மூலையைத்தான் ஒரு ஜோடிக் கிளி கொத்திக் கொத்திப் பெரிதாக்கி, இரண்டு பலகைகளுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் குடித்தனம் வைத்திருந்தது. வெளிவேலை முடிந்ததும் உள்பலகையையும் சும்மா விடாமல் கொறித்ததில்தான் இடுக்கு வழியே அம்மாவின் தலைமேல் தூள் விழுந்திருக்கிறது.

அம்மா பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்குப் பத்து வயதாகும்போது ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நரம்பைத் தின்கிற ஏதோ ஒரு நோய் என்றார்கள். அதன் ஆங்கிலப் பெயரை அப்பா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான்: அம்மாவுக்குச் சூடு ஆகாது. மார்கழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் நடப்பாள். பங்குனி பிறந்தால் கட்டிலோடு சரி, கண் மங்கும், நாக்கு குழறும். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளப் பட்டினப்பாக்கத்திலிருந்து ராணியக்கா வருவார். மீன்காரக் குடும்பத்துப் பெண். இரண்டு கைகளாலும் அம்மாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்காரவைக்கும் பலம் அவருக்கு இருந்தது.

காலண்டரைக் கழற்றி, அது தொங்கிய ஆணியையும் பிடுங்கினால் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு துளை கிடைக்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னது அம்மாதான். அவளால் எழுந்து நின்று பார்க்க முடியாது. நான் கட்டில் விளிம்பில் ஏறி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைத் துளையில் வைப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அழுகிய மூலை வழியாக வரும் வெளிச்சத்தில் பலகைத் தூளின் மேல் நான்கு வெள்ளை முட்டைகள் துலங்கும். திடீரென்று மொத்தமும் இருட்டிவிட்டால் தாய்க்கிளி உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். கிளி மரப்பொந்தில் வாழும் என்று என் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. அம்மா அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, நடுங்கும் கையால் பென்சிலைப் பிடித்து, அந்த வரிக்குப் பக்கத்தில் "சில சமயம் ஏ.சி. ஓட்டையிலும்" என்று கோணல்மாணலாக எழுதினாள்.

அப்புறம் வீட்டில் எல்லாருக்கும் கிளிப் பைத்தியம் பிடித்தது. தேனாம்பேட்டையில் அலுவலகம் போய்வரும் அப்பா, பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததை வந்து சொல்வார்: விளக்கு எரியாத ஒரு தெருவிளக்குக் கம்பத்தின் குழாய்க்குள் ஒரு ஜோடி நுழைந்ததாம். தி.நகரில் துணிக்கடைப் பெயர்ப்பலகையின் ஓர் எழுத்துக்குப் பின்னால் கிளி உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். "எங்கூட்டாண்ட தண்ணி டேங்கு கீதுல்ல, அதும் பைப்புல ஒண்ணு முட்டை வச்சிகினு கீது," என்றார் ராணியக்கா. எல்லாவற்றையும் அம்மா படுத்தபடியே கேட்டுக்கொண்டு, "பாவம், மரம் கிடைக்கல போல," என்பாள். அவள் அப்படிச் சொன்னது அந்தக் கிளிகளை மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான்கில் ஒரு முட்டை பொரிக்கவில்லை. மற்ற மூன்றும் பொரித்து, ரோமமில்லாத, கண் திறக்காத, பார்க்கச் சகிக்காத மூன்று ஜீவன்கள் வெளியே வந்தன. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா அட்டெண்டன்ஸ் எடுத்தாள். "ஒண்ணு?" என்று டீச்சர் குரலில் கேட்பாள். நான் துளையில் கண்ணை வைத்தபடி, குஞ்சுக்குப் பதிலாக "உள்ளேன் அம்மா" என்பேன். "ரெண்டு?" "உள்ளேன் அம்மா." "மூணு?" மூன்றாவது எப்போதும் மூலையில் மற்ற இரண்டுக்கும் அடியில் கிடக்கும், தேடிப் பிடித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவள் மூச்சுவிடாமல் காத்திருப்பாள். பள்ளிக்கூடம் போவது நின்ற பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோன அம்மா, அந்தக் கால் மணி நேரம் மட்டும் பழைய அம்மாவாக இருந்தாள்.

சித்திரை பிறந்ததும் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. மேற்குச் சுவர் மதியம் இரண்டு மணிக்கே சுட்டுவிடும், இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் கொதிக்கும். அம்மா ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் அப்பா அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய ஏ.சி. ஒன்றை யார் யாரையோ கெஞ்சி வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மூன்று ஆட்கள் மூச்சுவாங்க மூன்று மாடி தூக்கி வந்தார்கள். எங்கள் கட்டடத்திலேயே முதல் ஏ.சி. நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதைப் பொருத்துவதற்கு இருந்தது அந்த ஒரே ஓட்டைதான்.

"குஞ்சுங்க பறக்கட்டும். அதுக்கப்புறம் மாட்டலாம்," என்றாள் அம்மா.

"எப்ப பறக்கும்?"

"இன்னும் ரெண்டு வாரம். இறக்கை முளைச்சிடுச்சு."

"கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வாரத்துல நீ என்ன ஆவன்னு யோசிச்சியா?"

"இவ்வளவு நாள் ஆகாததா?"

அப்பா அன்றைக்கு நிஜமாகவே கோபப்பட்டார். "கிளிக்காகப் பார்க்குற, எங்களுக்காகப் பார்க்க மாட்டியா?" என்று கத்தினார். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். குஞ்சுகள் போகிறவரைக்கும் பலகையில் கை வைப்பதில்லை என்று அவள் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ஏ.சி. பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தது. அதன்மேல் நான் புத்தகம் வைத்துப் படித்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். கோடை விடுமுறை. ராணியக்கா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்த மதியம், உள்ளே டம்ளர் விழும் சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். தண்ணீர் எடுக்கக் கையை நீட்டியவள் சரிந்து விழுந்திருக்கிறாள். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. என் முகத்தை நேராகப் பார்த்து, குழறிக் குழறி, "ராணி, பாப்பா எங்க? பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். நான்தான் பாப்பா என்று சொன்னேன். "பாப்பாவைக் கூப்பிடு," என்றாள் மறுபடியும். ராணியக்கா வந்து ஈரத்துணி போட்டு, விசிறி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு என்னைத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் பயந்த மாதிரி அதற்கப்புறம் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை.

மறுநாள் காலையில் அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது நான் கட்டில் விளிம்பில் ஏறித் துளையில் கண்ணை வைத்தேன். மூன்றும் இருந்தன. பச்சையாக, கழுத்து நீண்டு, கிட்டத்தட்ட முழுக் கிளிகளாக இருந்தன. ஒன்று இறக்கையை விரித்துப் பார்த்தது, இடம் போதாமல் பலகையில் அடித்துக்கொண்டது. பறக்கத்தானே போகிறதுகள், நாலு நாள் முன்னாலேயே பறந்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. பலகையைத் தட்டினால் தானாகவே பறந்துவிடும் என்று நினைத்தேன். பதினொரு வயதின் கணக்கு அது. திரும்பி இறங்கும்போது அறை வாசலில் துடைப்பத்தோடு ராணியக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார்.

நான் நேராக அப்பாவிடம் போய், "குஞ்செல்லாம் பறந்துடுச்சுப்பா," என்றேன்.

அப்பா துள்ளிக்கொண்டு எழுந்து, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா கண்விழித்ததும் அவரே சொன்னார். அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

"மூணுமா?"

"மூணும்மா. மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தேன். காலையில அம்மாக்கிளி கூப்பிட்டுது, ஒண்ணு பின்னாடி ஒண்ணா போயிடுச்சுங்க."

பொய்யில் இவ்வளவு வேலைப்பாடு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "சொல்லிக்காம போயிடுச்சுங்களே," என்றாள். முகத்தில் ஏமாற்றமும் சந்தோஷமும் சேர்ந்து இருந்தன. வெயில் ஏறிவிட்டால் கிளிக்குஞ்சுகள் சத்தம் போடாது, அதனால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மெக்கானிக் பதினொரு மணிக்கு வந்தார். அம்மாவை நாற்காலியோடு ஹாலுக்குத் தூக்கி வந்து உட்காரவைத்தார்கள். உள்பலகை ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. அவர் உளியை வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்தார். ஐந்தாவது அடியில் அது பெயர்ந்து வந்தது. உள்ளேயிருந்து ஒரு கீச்சுக் கூச்சல் கிளம்பியது. நான் அறை வாசலில் நின்றிருந்தேன். மூன்று குஞ்சுகளும் மனிதமுகத்தைப் பார்த்த அலறலில் பின்னால் நகர்ந்து நகர்ந்து வெளிப்பலகையில் முட்டிக்கொண்டன. சுத்தியல் அடியில் அதிர்ந்து தளர்ந்திருந்த அந்த அழுகல் பலகை அப்படியே வெளிப்பக்கம் சரிந்தது. ஓட்டை நிறைய வெளிச்சம் வந்தது. கீழே சிமென்ட் தரையில் பலகை விழுந்த சத்தம் கேட்டது.

"அய்யய்யோ, இன்னா சார் இது! உள்ள குஞ்சு கீதுன்னு ஒருத்தரும் சொல்லலியே! சொல்லிருந்தா பையில புடிச்சிருப்பேனே!" என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ராணியக்கா படியிறங்கி ஓடிப்போய், விழுந்த மூன்று குஞ்சுகளையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அம்மா, "இங்க கொண்டா ராணி," என்றாள். ராணியக்கா மண்டியிட்டு முந்தானையை விரித்தார். இரண்டு அசையவில்லை. "இது ஒண்ணு உசுரோட கீது, டீச்சரம்மா," என்றார். அம்மா விரலால் அதன் தலையைத் தடவினாள். அது அவள் விரலைக் கவ்விப் பிடித்தது. கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டது. பால் சோறு, தண்ணீர், பஞ்சு எல்லாம் வைத்துப் பார்த்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் அதுவும் செத்துப்போனது. அன்றைக்கு அட்டெண்டன்ஸ் இல்லை.

அதற்குள் ஏ.சி. மாட்டியாகிவிட்டது. அப்பா குற்ற உணர்ச்சியை மறைக்கச் சத்தமாகப் பேசினார்: "பார்த்தியா, எப்படிக் கூலிங்கு!" ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்திருந்தோம். இயந்திரம் உறுமிய உறுமலில் தெருச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. நான் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பெரிய கிளிகளும் வந்து ஏ.சி.யைத் தாங்கிய இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து கத்தின. ஒன்று அந்தத் தகரத்தைக் கொத்திப் பார்த்தது. மூன்று நாள் சாயங்காலமும் அப்படி வந்தன.

நான்காம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஏ.சி. காற்றில் அவள் நாக்கு தெளிந்திருந்தது, கண் தெளிந்திருந்தது. "கண்ணு, அன்னைக்குக் காலையில நீ உள்ள பார்த்துட்டுச் சொன்னியா, பார்க்காமலே சொன்னியா?" என்று கேட்டாள்.

"பார்க்கலம்மா. சத்தம் வரல, அதனால போயிடுச்சுன்னு நினைச்சேன். மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தேன்னது சும்மா சொன்னதும்மா."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்படின்னா சரி. இனிமே பார்க்காம எதுவும் சொல்லக் கூடாது," என்றாள். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏ.சி.யால் பலன் இருந்தது. அந்தக் கோடையில் அம்மா மறுபடி விழவில்லை. என்னை ராணி என்று கூப்பிடவில்லை. எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தந்தாள். நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது எனக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் இந்த விஷயத்தை நான் ஒருவேளை மறந்துகூடப் போயிருப்பேன்.

ஆனால் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெளியே இன்னும் அனல் அடங்காத நேரத்தில், அம்மா, "குளிருது. அதை நிறுத்து, ஜன்னலைத் திற," என்பாள். "குளிருதா? இந்த வெயில்லயா?" என்று அப்பா அதிசயப்படுவார். நான் நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, போர்வையை இழுத்துவிடுவேன். இழுத்துவிடும்போது அவள் கழுத்தில் வியர்வை வழிவது என் கையில் படும். அவள் ஓட்டையிருந்த பக்கமே பார்த்தபடி அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு கிடப்பாள். கிளிகள் அந்தப் பக்கம் வருவதை எப்போதோ நிறுத்திவிட்டன.

இரண்டு கோடை அப்படிப் போயிற்று. மூன்றாவது கோடைக்கு அம்மா இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விடைபெறும்போது ராணியக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "பாப்பா, அன்னிக்கு நீ ஓட்டைல பார்த்துட்டுத்தான் போய் சொன்னேன்னு அம்மாக்குத் தெரியும். அன்னிக்கு சாயங்காலமே நான் சொல்லிட்டேன். என்னால மறைக்க முடியல. 'அவளா சொல்லட்டும் ராணி, நீ கேக்காத'ன்னாங்க," என்றார். நான்காம் நாள் அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் காத்திருந்திருக்கிறாள். நான் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் இப்போது ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஏ.சி. ஓட்டை விட்டு வீடு கட்டும் வழக்கமே ஒழிந்துவிட்டது. சுவரில் குழாய் போகிற அளவுக்குத் துளை போட்டு, அதையும் சுற்றிப் பூசி அடைத்துவிடுகிறார்கள், ஓர் எறும்பு நுழைய இடமில்லை. தெருவிளக்குகள் மாறின, துணிக்கடைப் பலகைகள் மாறின. ராணியக்கா குடும்பத்தை ஊருக்கு வெளியே எங்கேயோ குடியமர்த்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்த் தேடிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பென்சிலில் எழுதிய அந்தப் பாடப்புத்தகம் எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்பதும் தெரியாது.

நாங்கள் இப்போது பாலவாக்கத்தில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மணி இருக்கும். நான் எழுந்து ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னல்கள் இரண்டையும் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பக்கத்து வீட்டு ஏ.சி.களின் இரைச்சல்தான் கேட்டது.

"என்ன ஆச்சு? எதுக்கு நிறுத்தின?" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"குளிருது," என்றேன்.